எந்தப் படகில் ஏறுவது?

மன்னார்த் தீவின் இரு மருங்கிலும் கடல் உண்டு. ஆயினும் இரண்டும் ஒரே கடல் அல்ல. வடபுறத்துப் பாக்கு விரிகுடா ஆழங்குறைந்தது. மணலும் சேறும் சாதாழையும் படர்ந்த அதன் தளம் பெரும்பாலும் 10 அல்லது 12 மீற்றருக்குள் தட்டுப்பட்டுவிடும். தென்புறத்து மன்னார் வளைகுடாவோ கரையோரத்தில் அமைதியாகக் கிடந்து, அப்பால் செல்லச் செல்ல ஆயிரம் மீற்றருக்கும் கீழே சரிந்து போவது. இவ்விரு கடல்களுக்கும் இடையே, தலைமன்னார் முனையிலிருந்து தனுஷ்கோடிவரை ஏறத்தாழ 30 கிலோமீற்றருக்கு மணற்றிட்டுகள் வரிசையாகக் கிடக்கின்றன. இராமர் அணை என்றும் ஆதாம் பாலம் என்றும் பெயர் பெற்ற அத்திட்டுகளை மன்னார் மக்கள் தீடை என்பர். வாடைக்காற்று எழும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும். சோளகம் பிறந்தால் தென்கடல் கொந்தளிக்கும். இரண்டும் ஒருசேர அடங்கிக் கிடக்கும் காலம் ஆண்டில் மிகச் சிறிது. சித்திரை அவ்வாறானதொரு மாதம்.

அத்தகைய ஒரு சித்திரை விடுமுறையில் விரிவுரையாளர் ஒருவர் தம் மனைவியுடனும் பத்து வயது மகளுடனும் தாயாருடனும் கண்டியிலிருந்து பேசாலைக்கு வந்து சேர்ந்தார். தாயாரின் தங்கை வீடு அங்கு இருந்தது. மகளுக்குப் பேசாலையில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: டொல்பின் பார்க்க வேண்டும். தொலைக்காட்சியில் அவள் அதனைக் கண்டிருக்கிறாள். பாடப்புத்தகத்தில் அதன் படம் உண்டு. தவிரவும் தந்தையார் சிறு வயதில் டொல்பினைக் கண்ணாரக் கண்டவர் என்பதனை அவரே அவளுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். கடலை அறியாத மலைநாட்டில் வளரும் பிள்ளைக்கு அது ஒரு குடும்பப் பெருமையாகவே இருந்து வந்தது.

டொல்பின் என்பது நகரத்தார் வழக்கு. இக்கடலின் இருகரை மீனவரும் வழங்கும் பெயர் ஓங்கில். நீரினின்றும் ஓங்கி எழுதலால் அப்பெயர் வந்ததென்பாரும் உளர். சொல்லாராய்ச்சி செய்வோர் அதனை எவ்வாறு கொள்வரோ, கடலில் ஒருமுறை கண்டவர்க்கு அவ்விளக்கம் போதும். மன்னார்க் கரையை அண்டி வாழ்பவை பெரும்பாலும் கூன்முதுகு ஓங்கிலும் புட்டிமூக்கு ஓங்கிலும் ஆகும். இவை நான்கும் ஐந்துமாகவோ பத்துப் பதினைந்தாகவோ திரிவன. ஆழ்கடலின் விளிம்பில் வாழும் சுழலோங்கிலோ நூற்றுக்கணக்கில், சில வேளை ஆயிரத்தையும் தாண்டிக் கூட்டம் கூடுவது. நீருக்கு மேலே பாய்ந்து பம்பரம்போலச் சுற்றி விழுவது. விளம்பரப் படங்களில் காண்பது பெரும்பாலும் இதனையே. அது மலிந்த இடம் மன்னாரன்று. தெற்கே வில்பத்துக் காட்டுக்கும் அப்பாலுள்ள கற்பிட்டிக் கடலாகும். கார்த்திகை தொடங்கிச் சித்திரை வரை அங்கு அதற்கென்றே படகுகள் ஓடுகின்றன. விடுதிகள் அனைத்தும் அதனைக் காட்டியே விருந்தினரை அழைக்கின்றன.

விரிவுரையாளர் முதலில் கற்பிட்டிக்குச் செல்லவே எண்ணினார். கைத்தொலைபேசியில் விலைகளையும் நேரங்களையும் ஒப்பிட்டு, ஒரு தாளில் நிரல் போட்டும் வைத்திருந்தார். ஆய்வு மாணவர்க்குக் கற்பிக்கும் முறை விடுமுறையிலும் அவரை விட்டபாடில்லை. ஆனால் அங்கு போய்வர நெடுந்தூரம் தரைவழி செல்லவேண்டும். ஓர் இரவு தங்கவேண்டும். தாயாரைத் தனியே விடவேண்டும். செலவோ அவருடைய மாதச் சம்பளத்தில் கணிசமானதொரு பங்கு. ஆகவே மன்னாரிலேயே பார்ப்பதென முடிவாயிற்று.

மன்னாரில் இத்தொழில் கற்பிட்டியிற்போல வேரூன்றியதன்று. மீன்பிடிப் படகே வேண்டியபோது உல்லாசப் படகாக மாறும். மாறுவதற்குக் காரணங்களும் உள. அடித்தளத்தை வாரிச்செல்லும் இழுவை மடியால் இப்பகுதியின் மீன்வளம் குன்றியது யாவரும் அறிந்ததே. 2017இல் இலங்கையில் அதனைத் தடைசெய்து சட்டம் இயற்றிய பின்னரும் அக்கரையிலிருந்து வரும் இழுவைப் படகுகள் ஓயவில்லை. 2022ஆம் ஆண்டு ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் ஒன்று 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவாக உயர்ந்தது. வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய சிறு படகுகளெல்லாம் அவ்வெண்ணெயில் ஓடுபவை. ஓர் இரவு வலை வீசி எண்ணெய்ச் செலவையும் மீட்கமுடியாதவன், விடியலில் நான்கு பேரை ஏற்றிச் சென்று கடல் காட்டுவதில் வியப்பேதும் இல்லை.

முதல்நாள் மாலையிலேயே ஓர் இளைஞன் வீடு தேடி வந்தான். புதிய படகு, வெயில் மறைப்புக்கு நீலக் கூரை, 40 குதிரைவலு இயந்திரம். கைத்தொலைபேசியில் படங்களும் காட்டினான். "நூற்றுக்கு நூறு காட்டுவம் சேர். காணாட்டிக் காசு திருப்பித் தருவம்" என்றான். விரிவுரையாளரின் மனைவிக்குக் கூரை பிடித்தது. விரிவுரையாளருக்கு அவ்வுறுதிமொழி பிடித்தது. மகளுக்குப் படங்கள் பிடித்தன. முற்பணம் கொடுக்கப் பணப்பையை எடுத்த வேளை, முற்றத்தில் அதுவரை ஓலை கிழித்துக்கொண்டிருந்த தாயார் தலை நிமிர்ந்தார்.

"தம்பி, எத்தினை பேரை ஏத்துவியள்?"

"பன்னிரண்டு பேர் தாராளமாய் ஏத்தலாம் அம்மா."

"உயிர்காப்பு அங்கி எத்தினை கிடக்கு?"

இளைஞன் சிரித்தான். கடல் இப்போது குளம்போல என்றான். எட்டு இருப்பதாகவும், மேலும் வேண்டுமானால் இரவல் வாங்கலாம் என்றும் சொன்னான். தாயார் மீண்டும் ஓலையைக் கிழிக்கத் தொடங்கினார். "நாளைக்குச் சொல்லுறம் தம்பி" என்றார். விரிவுரையாளருக்கு வெட்கமாகிவிட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கடலில் கால் நனைக்காத ஒருவர் படகைப் பற்றி விசாரிப்பது அவருக்கு வேடிக்கையாகவும் இருந்தது.

அவர் கடலில் கால் நனைக்காமைக்குக் காரணம் வீட்டில் யாவரும் அறிந்தது, எவரும் பேசாதது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் மன்னார்க் கரையிலிருந்து ஆயிரக்கணக்கானோர் இரவோடிரவாக இராமேசுவரத்துக்குப் படகேறினர். அப்பொழுது அவருக்கு வயது 28, மகனுக்கு ஆறு. கணவர் அதற்கு முன்னரே காலமாகிவிட்டார். கரையில் நின்ற படகோட்டி இராமேசுவரத்திலேயே இறக்கிவிடுவதாகச் சொல்லிப் பணம் வாங்கினார், காப்பும் வாங்கினார். பத்துப் பேர் செல்லக்கூடிய படகில் இருபத்தாறு பேர் ஏறினர். அவர் எண்ணினார். இருளில் செய்வதற்கு வேறொன்றும் இல்லாதிருந்தமையால் மீண்டும் மீண்டும் எண்ணிக்கொண்டே இருந்தார் என்று தங்கையிடம் ஒருமுறை கூறியிருக்கிறார். விடியுமுன் படகு ஒரு மணலில் தட்டியது. இந்தியா வந்துவிட்டது, இறங்குங்கள் என்றார் படகோட்டி. பொழுது விடிந்தபோது நாற்புறமும் நீர். அது தீடை. ரோந்துக் கப்பலுக்கு அஞ்சிய படகோட்டிகள் பலர் அக்காலத்தில் அவ்வாறு செய்தனர். ஒரு பகலும் ஓர் இரவும் கழிந்து, மறுநாள் இராமேசுவரத்து மீனவர் கண்டு ஏற்றிச் சென்றனர். அதன்பின் மண்டபம் முகாமில் பதின்மூன்று ஆண்டுகள்.

விரிவுரையாளர் சிறு வயதில் ஓங்கில் கண்டது அந்தத் தீடையில்தான். தாகத்தில் அழுதுகொண்டிருந்த தம்மை மடியில் இருத்தி, "அங்கே பார், ஓங்கில் பாயுது" என்று தாயார் கைநீட்டிக் காட்டியதும், தொலைவில் கரிய முதுகுகள் எழுந்தெழுந்து மறைந்ததும் அவருக்குத் தெளிவாக நினைவிருந்தன. அந்நாளில் மற்றவை யாவும் மறந்துபோயின. அதனையே மகளுக்குச் சொல்லி வந்தார். முகாமையும் தாகத்தையும் விடுத்து, முதுகுகளை மட்டும்.

பணம் திருப்பித் தருவோம் என்னும் உறுதி மேலோட்டமாக நோக்குவோர்க்கு நேர்மையின் அடையாளமாகவே தோன்றும். ஆயினும் அதன் உள்ளியக்கம் வேறு. படகு கடலில் இறங்கியவுடன் எண்ணெய் எரியத் தொடங்கிவிடுகிறது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் எண்ணெய் திரும்பி வராது. ஆகவே உறுதி கொடுத்தவன் எவ்விதத்தும் கண்டேயாக வேண்டும். கண்டபின் பன்னிரண்டு பேரும் படம் பிடிக்குமளவுக்கு நெருங்கவும் வேண்டும். நெருங்கினால் அவை விலகும்; விலகினால் துரத்தவேண்டும். ஒருவன் துரத்துவதைக் கண்ட மற்றொருவனும் அங்கே விரைவான். கரையில் பயணிக்குக் கொடுத்த வாக்கின் விலையைக் கடலில் கட்டுவது ஓங்கில்தான். உறுதியை விலைக்கு வாங்கும் வழக்கம் இக்கரைக்குப் புதிதன்று. அரிப்பிலும் சிலாவத்துறையிலும் முத்துக்குளிப்பு நடந்த நாள்களில், சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டும் கடல்கட்டி என்பவர் கரையில் அமர்ந்தாலன்றி முத்துக்குளிப்போர் நீரில் இறங்க மாட்டார்கள் என்பதனால், மந்திரத்தில் நம்பிக்கையற்ற ஆங்கிலேய அரசாங்கமே அவருக்கு ஊதியம் கொடுத்து வைத்திருந்தது. கடல்கட்டியின் உறுதியாற் சுறாவுக்குக் கேடேதும் விளையவில்லை என்பது வேறு விடயம்.

நீருக்கடியில் நிகழ்வது யாதெனின், ஓங்கில் கண்ணால் வாழும் விலங்கன்று; காதால் வாழ்வது. தானே எழுப்பும் நுண்ணொலி இரையிலும் பாறையிலும் பட்டு மீள்வதைக் கேட்டே அது வழி அறிகிறது, உணவு தேடுகிறது, கன்றை அழைக்கிறது. ஒலி காற்றிற் செல்வதிலும் நான்கு மடங்குக்கு மேலான விரைவில் நீரிற் செல்லும். இயந்திரப் படகுகள் சில சுற்றிவளைத்தால் அதன் செவியில் நிகழ்வது, சந்தையின் நடுவே கண்ணைக் கட்டி விடப்பட்டவனுக்கு நிகழ்வதை ஒக்கும். அன்றியும் அது மீனன்று; நுரையீரலால் மூச்சுவிடும் முலையூட்டி. நினைத்து நினைத்து மூச்செடுக்கவேண்டியிருப்பதால் மூளை முழுவதையும் உறங்கவிட முடியாமல், ஒரு பாதி உறங்க மறுபாதி விழித்திருக்கும். சுழலோங்கில் இரவு முழுதும் ஆழத்தில் இரை தேடிவிட்டுப் பகலில் ஓய்வெடுப்பது. காலை வேளையில் பயணிகள் ஆரவாரத்துடன் காணச் செல்வது பெரும்பாலும் உறங்கப் போகும் ஒரு கூட்டத்தையே. இக்காரணத்தால் அமெரிக்க அரசு ஹவாயித் தீவுகளின் கரையோரத்தில் சுழலோங்கிலை 50 யார் தூரத்துக்குள் அணுகுவதை 2021இல் தடைசெய்தது. நியூசிலாந்தின் 1992ஆம் ஆண்டு விதிகளின்படி 300 மீற்றருக்குள் ஒரே வேளையில் மூன்று கலங்களுக்கு மேல் நிற்கலாகாது. மேற்கு அவுஸ்திரேலியாவின் சுறா விரிகுடாவில் நீண்டகாலம் கணக்கெடுத்து 2006இல் வெளியான ஆய்வொன்று, உல்லாசப் படகு நிறுவனம் ஒன்று இரண்டாகப் பெருகிய காலத்தில் அப்பகுதியின் ஓங்கில் தொகை ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைந்ததைக் காட்டிற்று. படகு ஓடாத அயற்பகுதியில் அத்தகைய வீழ்ச்சி இல்லை. இரண்டே நிறுவனங்கள் என்பதைக் கற்பிட்டியையும் மிரிசையையும் கண்டவர்கள் எண்ணிப்பார்க்கலாம்.

இலங்கையிலும் கடல்வாழ் முலையூட்டிகளைப் பார்வையிடல் தொடர்பாக 2012இல் ஒழுங்குவிதிகள் வந்தன. விதி கொழும்பில் அச்சாயிற்று. கடல் மன்னாரில் இருக்கிறது.

இரண்டாம் நாள் சின்னம்மாவின் அயலவர் ஒருவர் மூலம் எருக்கலம்பிட்டியைச் சேர்ந்த ஒருவரைப் பற்றி அறிந்து, விரிவுரையாளர் தாயாரையும் மகளையும் அழைத்துக்கொண்டு அவரைக் காணச் சென்றார். நாற்பது வயதைக் கடந்த அவர் படகின் அடியிற் கிடந்த ஒரு கீறலுக்குப் பசை பூசிக்கொண்டிருந்தார். எழுந்து கையைத் துடைத்து, தாயாருக்கு ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டார்.

"ஓங்கில் காட்டுவியளா தம்பி?"

"காட்டுறன் எண்டு சொல்ல ஏலாது அம்மா. கடல்ல கிடக்கிறது என்ட வளர்ப்பு ஆடில்ல. போய்ப் பார்க்கலாம். கிடைச்சாப் பார்க்கலாம்."

"எத்தினை பேரை ஏத்துவியள்?"

"நானும் என்ட தம்பியும் போக, நாலு பேர். அதுக்கு மேல ஏத்தமாட்டன்."

அங்கி ஆறு இருந்தது. தாயார் அவற்றைக் கொண்டுவரச் சொல்லி ஒவ்வொன்றின் வாரையும் இழுத்துப் பார்த்தார். சிறு பிள்ளைக்கு அளவான ஒன்று இருந்ததைக் கண்டு அதனை மட்டும் மடியில் வைத்துக்கொண்டார். இயந்திரம் நின்றுபோனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். 8 குதிரைவலுவில் பழைய இயந்திரம் ஒன்று உடன் வரும் என்றும், இரண்டு துடுப்பும் உண்டு என்றும் அவர் சொன்னார். எந்தப் பக்கம் போவீர்கள் என்றதற்கு, தீடைப்பக்கம் போவதில்லை, தாழ்வுபாட்டுக் கரையிலிருந்து தென்கடலில் இறங்கி, கரையும் காற்றாடிகளும் கண்ணுக்குத் தெரியுந் தூரத்துக்குள்ளேயே நிற்போம் என்றார். தீடைப்பக்கம் போவதில்லை என்றதும் தாயார் அவர் முகத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

"இந்தத் தொழிலை எங்க பழகினியள்?"

"கற்பிட்டியில, அம்மா. பதினைஞ்சு வருசம் அங்க ஓங்கில் போட்டுத்தான் ஓடினன்."

"அங்க எப்பிடிப் போனியள்?"

அவர் சற்று நேரம் பசைப் பாத்திரத்தைக் கிளறிக்கொண்டிருந்தார். பின்னர், "தொண்ணூறாம் ஆண்டு, அம்மா. உம்மா வாப்பாவோட வள்ளத்தில" என்றார்.

1990 ஒக்டோபர் மாத இறுதியில் விடுதலைப் புலிகளின் கட்டளையால் வடமாகாணத்து முஸ்லிம்கள் 70,000க்கு மேற்பட்டோர் வீடு வாசல்களை விட்டு நீங்கினர். மன்னார்த் தீவினர் பெரும்பாலோர்க்குக் கடல்வழியே கிடைத்தது. ஐப்பசிக் கடலில், கிடைத்த படகுகளில், அவர்கள் கற்பிட்டிக் கரையில் சென்று இறங்கினர். வழியிற் குழந்தைகளை இழந்தோரும் உளர். சில மாத இடைவெளியில் ஒரே தீவினின்றும் ஒரு சாரார் மேற்கு நோக்கியும் மற்றொரு சாரார் தெற்கு நோக்கியும் இரவில் படகேறிய செய்தி, இருவேறு மக்களின் இருவேறு வரலாறுகளாகவே இன்றுவரை எழுதப்பட்டு வருகிறது. எருக்கலம்பிட்டி முற்றத்தில் அவ்விருவரும் அதனைப் பற்றி மேலும் பேசவில்லை. "எத்தினை பேர் வள்ளத்தில?" என்று மட்டும் தாயார் கேட்டார். "எண்ணத் தெரியாத வயசு" என்றார் அவர். தேநீர் வந்தது. கூலி பேசப்பட்டது, இளைஞன் கேட்டதிலும் சற்றுக் கூடுதலாகவே இருந்தது. தாயார் பேரம் பேசவில்லை.

வீடு திரும்பும் வழியில் கணவனுக்கும் மனைவிக்கும் கைத்தொலைபேசியில் சிறியதொரு வாக்குவாதம். பார்ப்பது நிச்சயமில்லை, கூரையில்லை, கூலியும் கூட. பிள்ளையின் ஆசைக்காக வந்துவிட்டு வெறுங்கடலைப் பார்த்துத் திரும்புவதா என்று மனைவி கேட்டார். கேள்வி நியாயமானது. விரிவுரையாளரிடம் மறுமொழி இல்லை. அவருக்கும் ஓங்கிலைக் காணவேண்டியிருந்தது, மகளைவிடக் கூடுதலாக என்றே சொல்லலாம். அதனை அவர் எவரிடமும் கூறவில்லை.

மூன்றாம் நாள் விடியற்புறம் அனைவரும் தாழ்வுபாட்டுக் கரைக்குச் சென்றனர். கடல் பார்வைக்கு அமைதியாகவே இருந்தது. எருக்கலம்பிட்டிக்காரர் நீர் விளிம்பில் நின்று தெற்கே நெடுநேரம் பார்த்தார். இன்று வேண்டாம், கச்சான் எழும்பப் போகிறது, திரும்பி வரும்போது பிள்ளை நனைந்து பயந்து போவாள் என்றார். முற்பணத்தையும் திருப்பி நீட்டினார். சற்று அப்பால் நீலக் கூரைப் படகு பயணிகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. மகள் அழுதாள். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமையே பெரிதாக இருந்தது. ஒன்பது மணிக்குக் காற்று எழுந்தது. நீலக் கூரைப் படகும் பழுதின்றித் திரும்பி வந்தது. அதில் சென்றவர்கள் நனைந்திருந்தனர். ஓங்கிலைக் கண்டும் இருந்தனர். இதனை மறைத்து எழுதுவதில் பயனில்லை. அன்று மதியம் வீட்டில் எவரும் தாயாருடன் அதிகம் பேசவில்லை. அவர் எஞ்சிய ஓலையைக் கிழித்து முடித்தார்.

நான்காம் நாள் அவர்கள் ஊர் திரும்பவேண்டிய நாள். இரவு 8 மணி கழிந்தபின் எருக்கலம்பிட்டிக்காரரிடமிருந்து அழைப்பு வந்தது. நாளை காலை ஐந்தரைக்கு வாருங்கள் என்றார்.

கரையிற் பெயர்களை ஒரு தாளில் எழுதி, படகிழுக்க வந்திருந்த ஒருவரிடம் கொடுத்தார். எல்லோருக்கும் அங்கி மாட்டியபின் தாயாரைப் பார்த்து, நான்காவது இடம் இருக்கிறது என்பதுபோலக் கையைக் காட்டினார். "எண்ணுறதுக்குக் கரையில ஒராள் வேணும் தம்பி" என்றார் தாயார். விரிவுரையாளர், மனைவி, மகள், படகுக்காரர், அவர் தம்பி என ஐவரும் போயினர்.

கடல் கண்ணாடித் தகடுபோலக் கிடந்தது. பின்னே கரையோரம் முழுதும் காற்றாலைகள். 2020இல் நிறுவிய முப்பதும் இறகு அசையாமல் நின்றன. முக்கால் மணி நேரம் ஒன்றும் இல்லை. படகுக்காரர் இயந்திரத்தைத் தாழ்ந்த ஒலியிலேயே ஓட்டினார். தொலைநோக்கி எதுவும் அவரிடம் இல்லை. அவர் நோக்கியது நீரையன்று, ஆலாப் பறவைகளை. ஓரிடத்தில் அவை கூடி விழுந்தெழுவதைக் கண்டதும் நேரே அங்குச் செல்லாமல், ஒரு பெரிய வளைவாகச் சுற்றிச் சென்று, பறவைகளுக்குப் பக்கவாட்டில் இயந்திரத்தை நிறுத்தினார். ஏன் நேரே போகவில்லை என்று சிறுமி கேட்டாள். "வாசல் மறிச்சு நிண்டா ஆர் மகள் வெளிய வருவாங்க?" என்றார் அவர்.

முதலில் கேட்டது மூச்சு. தோல்துருத்தியை அழுத்தினாற்போல ஒரு சீறல், பின்னர் மற்றொன்று. மங்கிய சாம்பல் நிறத்தில், நடுவே திமில்போல் உயர்ந்த முதுகு ஒன்று நீரைக் கிழிக்காமலே எழுந்து அமிழ்ந்தது. கூன்முதுகு ஓங்கில். பம்பரமாகச் சுழலவுமில்லை, பாயவுமில்லை. வயலுக்குப் போகிறவர்கள்போலத் தம் காரியத்தில் போயின. ஒன்றின் விலாவோடு ஒட்டி ஒரு கன்று. அவை படகை நோக்கி வரவில்லை, விலகவுமில்லை. ஏறத்தாழ எழுபது எண்பது மீற்றரில், படகு ஒன்று அங்கு நிற்பதை அறிந்தும் பொருட்படுத்தாமல் மேய்ந்தன. சிறுமி படம் பிடிக்க மறந்தாள். மனைவி கணவனின் கையைப் பிடித்திருந்தார். நான்கு நிமிடமோ ஐந்து நிமிடமோ ஆகியிருக்கும்.

அப்பொழுது மேற்கிலிருந்து நீலக் கூரை தெரிந்தது. பறவைகளை அவனும் கண்டுவிட்டான் போலும். படகின் மூக்கு உயர்ந்து நுரை பிளக்க நேரே வந்தது. அதில் யாரோ எழுந்து நின்று கையசைத்தார்கள். முதுகுகள் ஒருசேர அமிழ்ந்தன. வெகுதூரத்தில் ஒருமுறை எழுந்தன. நீலக் கூரை அங்கே திரும்பியது. மீண்டும் அமிழ்ந்தன. எருக்கலம்பிட்டிக்காரர் இயந்திரத்தை இயக்கி, எதிர்ப்புறமாகக் கரையை நோக்கித் திருப்பினார். விரிவுரையாளர், இன்னும் கொஞ்சம் நின்று பார்க்கலாமே, இன்றைக்கு ஊருக்குப் போகிறோமே என்று தாழ்ந்த குரலில் கேட்டார். "ரெண்டு போட்டு நிண்டாக் கன்றுக்காரி மேல வரமாட்டா சேர்" என்றார் அவர். அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

தாயார் அவர்கள் விட்டுச் சென்ற இடத்திலேயே நின்றிருந்தார். படகு மணலை அணுகியபோது, சேலையைச் சற்று உயர்த்திக்கொண்டு கணுக்கால் நனைய நீரில் இறங்கி வந்து பேர்த்தியைக் கைநீட்டி இறக்கினார். அதற்குள் அவருடைய உதடுகள் ஐந்து வரை அசைந்து முடிந்திருந்தன. சிறுமி மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனாள்: நான்கு ஓங்கில், ஒரு கன்று, இல்லை, கன்றோடு சேர்த்து நான்கு. பிறகு கேட்டாள்:

"அப்பம்மா, நீங்களும் அப்பாவும் தீடையில கண்டதும் இந்த ஓங்கில்தானா?"

தாயார் மகனைப் பார்த்தார். "அண்டைக்கு ஒண்டும் இல்லை, பிள்ளை" என்றார். "தண்ணி கேட்டு அழுதவன். குடுக்கத் தண்ணி இல்லை. அந்தா பார் எண்டு கையைக் காட்டினன். அலைதான் எழும்பினது. அவன் ஓம், ஓம் எண்டு அழுகையை நிப்பாட்டிப்போட்டான்."

விரிவுரையாளர் அங்கியின் வாரைக் கழற்றியபடியே நின்றார். கழற்றி முடிந்த பின்னும் கை அதிலேயே இருந்தது. இது ஏன் இத்தனை ஆண்டும் சொல்லப்படவில்லை என்று அவர் கேட்கவில்லை. தாயாரும் அதற்கு விடை வைத்திருந்தவராகத் தோன்றவில்லை. சிறுமி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். நீர் விளிம்பில் எருக்கலம்பிட்டிக்காரரும் அவருடைய தம்பியும் படகின் இரு பக்கமும் தோள் கொடுத்து நின்றார்கள். அலை ஒன்று வந்து பின்புறத்தைத் தூக்கிவிட்டுப் போயிற்று.

"சேர், ஒரு கை போடுங்க" என்றார் அவர்.

விரிவுரையாளர் அங்கியைத் தாயாரிடம் கொடுத்துவிட்டுப் போய்ப் படகின் விளிம்பைப் பிடித்தார்.